ஒன்பது மாதப் பட்டம்

பிப்ரவரி 11

காலையில் மூன்று ஓட்டுநர்கள் ஒரே நேரத்தில் விடுப்பு கேட்டு வந்து நின்றார்கள். ஒருவருக்கு முதுகுவலி. இன்னொருவரின் மைத்துனன் வீடு மாறுகிறானாம், சாமான் தூக்க ஆள் வேண்டுமாம். மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத்தான் முதலில் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாகப் பணிமனையில் பேருந்துகளுக்கு ஆள் போடும் பட்டியலைத் தயாரிக்கிறேன். சொல்ல வாய் வராத காரணம்தான் பெரும்பாலும் நிஜமாக இருக்கும்.

மதிய இடைவேளையில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். போக்குவரத்துத் திட்டமிடலில் முதுகலை. இரண்டு வருடம், பதினான்கு இடம். போன வருடம் ஐந்நூறு பேருக்குமேல் போட்டார்களாம். 

படிவத்தின் ஒரு கட்டத்தில் மட்டும் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தேன். 'இளங்கலை மதிப்பெண் சராசரி.' என் பட்டத்தில் மார்க் என்பதே கிடையாது. எல்லாப் பாடத்துக்கும் எதிரே ஒரே சொல்தான்: தேர்ச்சி. 'பொருந்தாது' என்று எழுதினேன். எழுதியபின் பார்த்தால், அது என்னைப் பற்றி வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 16

அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். விண்ணப்பம் போட்ட விஷயத்தை மகள் உளறிவிட்டாள். அண்ணனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"குழந்தைக்கே பத்து மாசம் ஆகுது. உன் டிகிரி ஒன்பதாவது மாசமே பொறந்துடுச்சு. நல்லா மூச்சு விடுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு வருடப் படிப்பை அரியர் வைத்து வைத்து ஆறு வருடம் படித்தவர் அவர். அதைச் சொல்ல வாய் வரை வந்தது, அண்ணியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். இப்போது நினைத்தால் எரிகிறது. சொல்லியிருக்கணும்.

ஆனால் அவர் கேட்டதில் தப்பென்ன? ஒன்பது மாதத்தில் பட்டம் வாங்கினேன் என்று வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன். அந்த இணையப் பல்கலைக்கழகத்தில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். பாடத்தைத் திறந்ததும் பரீட்சைக்குப் போகலாம். தேறினால் அன்றைக்கே அடுத்த பாடம். நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் மாதிரித் தேர்வை எழுதிப் பார்ப்பது. எந்த அத்தியாயத்தில் அடி வாங்குகிறேனோ அதை மட்டும் படிப்பது. புள்ளியியல், பொருளாதாரம், கணினி, எல்லாம் அப்படித்தான். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை.

படித்தேனா, தாண்டினேனா? இதை அண்ணன் கேட்கவில்லை. நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25

விண்ணப்பத்துக்குப் பின்னாலேயே இரண்டு பரிந்துரையும் போக வேண்டும். பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர், வேலையிடத்தில் ஒருவர்.

ஆசிரியருக்கு எங்கே போவது? ஒரு ஆசிரியருக்குக்கூட என் முகம் தெரியாது. விடைகளைத் திருத்தியது மென்பொருள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிடும் வழிகாட்டி ஒருவர் இருந்தார். இந்த வாரம் எத்தனை பாடம் முடிப்பீர்கள் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. நல்ல மனிதர். அவரையே கேட்டேன், மறுநாளே எழுதிப் படித்துக் காட்டினார். நான் வேகமானவள் என்பதை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். பாவம், வேறென்ன தெரியும் அவருக்கு.

மேலாளரிடம் போனேன். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் நல்லா எழுதினா நீ போயிடுவ. மோசமா எழுதினா இங்கேயே இருப்ப, ஆனா தினமும் முகத்தைத் தூக்கி வெச்சுட்டு இருப்ப. எனக்கு எது லாபம், நீயே சொல்லு."

எழுதுகிறேன் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. பணிமனையில் எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்ததே அவர்தான். பட்டம் வாங்கிய அன்று இனிப்பு கொடுத்தபோது வைத்தார். அன்று பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 2

ஞாயிற்றுக்கிழமை. சாமான் அறையை ஒழித்தோம். ஒன்பது மாதம் எனக்குப் பரீட்சைக் கூடமாக இருந்த அறை அது. சுவரில் ஒன்றும் இருக்கக் கூடாது, மேசைமேல் ஒன்றும் இருக்கக் கூடாது, தாளும் பேனாவும் ஆகாது. கணினிக்கு மேலே கேமரா. அதற்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு கண்காணிப்பாளர். முகம் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான்.

இரண்டாவது பரீட்சையிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். கேள்வியை வாய்க்குள் படித்தேனாம். உதடு அசைந்ததாம். பக்கத்தில் மறைந்திருக்கும் ஆளுக்குச் சொல்கிறேனோ என்று சந்தேகமாம். பரீட்சை ரத்து. அந்த அறையிலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

பிறகு என் வீட்டுக்காரர்தான் எனக்குப் பயிற்சி கொடுத்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், கையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். நான் மாதிரித் தேர்வு எழுதும்போது எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். உதடு அசைந்தால் முகத்தில் டார்ச் அடிப்பார். கண் திரையை விட்டு நகர்ந்தால் அடிப்பார். கை மேசைக்குக் கீழே போனால் அடிப்பார். அம்மாவை அப்பா விசாரணை பண்ணுகிறார் என்று மகள் தன் தோழிகளுக்கெல்லாம் சொல்லி வைத்தாள். ஒரே மாதத்தில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி ஆகிவிட்டேன். கணக்கெல்லாம் மனசுக்குள்ளேயே போட்டுப் பழகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு பரீட்சைகூட நிற்கவில்லை.

அந்த மேசையை இன்று மகளின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

மார்ச் 21

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! ஏப்ரல் 8. மூன்று பேர் குழு. பேச்சும் இருக்கும், ஒரு கணக்கும் இருக்கும்.

கணக்கு என்றதும் தைரியம் வந்தது. பேச்சுதான் பயம்.

மார்ச் 30

பேச்சுக்குத் தயாரித்தேன். ஏன் இந்தப் படிப்பு? கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். பட்டியல் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்று சொல்லலாமா? பன்னிரண்டு வருடமாக, யாரோ முடிவு செய்த வழித்தடங்களுக்கு நான் ஆள் போடுகிறேன். ஒரு நிறுத்தம் ஏன் அங்கே இருக்கிறது, இங்கே ஏன் இல்லை என்று ஒருநாளும் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இதை அப்படியே சொன்னால் போதும் என்று வீட்டில் அவர் சொல்கிறார். இவ்வளவு சின்னதாகவா?

ஏப்ரல் 8

நன்றாகச் செய்தேன் என்றே நினைக்கிறேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது மாடியில் நீளமான அறை. நடுவில் துறைத்தலைவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மா. அவருக்கு வலப்பக்கம் ஒரு தாடிக்காரர். இடப்பக்கம் இருந்தவர் கடைசிவரை குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். முதலில் பொதுவாகக் கேட்டார்கள். நினைத்ததைவிடச் சரளமாகப் பேசினேன். நிறுத்தம் பற்றிச் சொன்னபோது தலைவர் லேசாகத் தலையாட்டினார்.

பிறகு கணக்கு. மூன்று பேருந்து வழிகள் ஒரே சந்திப்பில் வந்து கூடுகின்றன. பயணிகள் மாறி ஏறக் காத்திருக்கும் நேரம் குறைய வேண்டுமானால், எந்த வழியின் நேரத்தை எவ்வளவு தள்ளுவது? நாற்பது நிமிடம் கொடுத்தார்கள்.

"பேசிக்கிட்டே செய்யலாம். தாள் இருக்கு, போர்டு இருக்கு. எங்களையும் கேட்கலாம்" என்றார் தலைவர்.

நான் எதையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தேன். கேள்வித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தாடிக்காரர் இருமினார், நான் நிமிரவில்லை. நடுவில் தலைவர் என்ன யோசிக்கிறீர்கள் என்றோ என்னவோ கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். பரீட்சை நடுவில் பேச்சுக் கொடுத்தால் அது நம்மைச் சோதிக்கத்தானே? மூன்று வழிகளையும் மனசுக்குள் ஓடவிட்டேன். பாதி நேரத்திலேயே விடை வந்துவிட்டது. ஒருமுறை சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ரெண்டாவது வழியை நாலு நிமிஷம் பின்னாடி தள்ளணும். மூணாவதைத் தொட வேணாம். முடிஞ்சுது."

சரியான விடைதான். தாடிக்காரர் தன் தாளைப் புரட்டிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்டார். கணக்குப் போட்டேன் என்றேன். எங்கே என்றார். தலையைத் தொட்டுக் காட்டினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கீழே பேருந்துக்கு நின்றபோது, எனக்கடுத்து உள்ளே போன பெண் வந்தாள். நெடுநேரம் ஆகியிருந்தது. கையெல்லாம் சாக்பீஸ் தூள், முன்முடியில்கூட. பாவம், நன்றாகத் திணறியிருக்கிறாள்.

ஏப்ரல் 9

அந்தப் பெண்ணின் கை ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

ஏப்ரல் 15

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். கட்டுப்பாட்டு அறையின் தலைமை இடம் காலியாகிறது, என் பேரைத்தான் மேலே சொல்லியிருக்கிறார். சம்பளம் கூடும், மரியாதை கூடும். சுழற்சி வேலை, இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. ஒப்புக்கொண்டால் மூன்று வருடம் அசைய முடியாது, படிப்பு கிடிப்பு என்று எதுவும் ஆகாது. முப்பதாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

பல்கலைக்கழக முடிவு மே முதல் வாரம்தான் வரும்.

கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவரால் முடியாதாம், வரிசையில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்களாம். வீட்டில் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. உடனே அடக்கிக்கொண்டு, "நீ யோசிச்சு சொல்லு" என்றார். மலர்ந்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 17

துறையிலிருந்து மின்னஞ்சல். நேர்காணலில் கொடுத்த கணக்கு எனக்கு முன்பே கிடைத்திருக்குமோ என்ற ஐயம் குழுவில் எழுந்துள்ளதாம். 24ஆம் தேதி நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம்.

திருடினேன்னு சொல்றாங்க. அதுதானே அர்த்தம்? வேற என்ன அர்த்தம் இதுக்கு?

சரியா சொன்னதுக்கா? தப்பா சொல்லியிருந்தா நல்லவளா இருந்திருப்பேனா? ஒன்பது மாசத்துல முடிச்சவ, மார்க் இல்லாதவ, சொல்றதுக்கு ஒரு வாத்தியார் பேர்கூட இல்லாதவ — இவளுக்கு எப்படி வரும்னு நினைச்சிருக்காங்க. அண்ணன் கேட்டதையே இவங்க மரியாதையா கேட்கிறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

போக மாட்டேன்.

இன்று பட்டியலில் ஒரே ஓட்டுநரை இரண்டு வண்டிக்குப் போட்டுவிட்டேன். அவர் வந்து, என்னை ரெண்டா வெட்டிப் போடுங்க என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

ஏப்ரல் 19

போக மாட்டேன், கட்டுப்பாட்டு அறைக்கே சரி என்று சொல்லிவிடப் போகிறேன் என்று வீட்டில் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதை விட்டுவிட்டு, அன்றைக்கு உள்ளே என்னதான் நடந்தது என்று கேட்டார். சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்படி உட்கார்ந்திருந்த? அப்படியே உட்கார்ந்து காட்டு."

உட்கார்ந்து காட்டினேன். கை இரண்டும் மேசைமேல், கண் நேராக, வாய் மூடி. அவர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"இப்படியேவா இருந்த? நாற்பது நிமிஷம் கொடுத்து, பேசு பேசுன்னு அவங்க சொல்லியும்? எதிர்ல இருந்தது கேமரா இல்லம்மா, மனுஷங்க. சிலை மாதிரி உட்கார்ந்துட்டு திடீர்னு விடையைச் சொன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? லிஃப்டுல கையே வைக்காம ரிப்பேர் ஆயிடுச்சுன்னு நான் சொன்னா நம்புவாங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. அந்தப் பெண்ணின் சாக்பீஸ் கை. அவள் திணறவில்லை. அவள்தான் கேட்டதைச் செய்திருக்கிறாள்.

திருடி என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, சண்டை போடலாம். இதற்கு யாரோடு சண்டை போடுவது? ஒன்பது மாதத்தில் எனக்கு நன்றாகப் பதிந்த ஒரே பாடம், ஆளில்லாத அறையில் ஆடாமல் உட்காருவதுதான் போலிருக்கிறது. பொருளாதாரத்தில் என்ன படித்தேன் என்று இப்போது கேட்டால் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

போகத்தான் வேண்டும். போய் என்ன சொல்வேன்? கேட்டால் நம்புவார்களா? நானே நம்ப மாட்டேன்.

ஏப்ரல் 23

நாளை. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 24

அதே அறை, அதே மூன்று பேர்.

தயாரித்து வைத்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. கேமரா, ரத்தான பரீட்சை, டார்ச், ஸ்டூல் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். போன தடவை குனிந்தே இருந்தவர் டார்ச் என்றதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாடிக்காரர் அசையவில்லை.

"கதை நல்லா இருக்கு. ஆனா இதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாதே" என்றார்.

நியாயம்தான். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

தலைவர் சாக்பீஸை எடுத்து நீட்டினார். "அப்போ இங்கேயே ஒண்ணு பண்ணலாம். கேமரா இல்ல. வாயைத் திறந்துதான் ஆகணும்."

கேள்வி இதுதான்: ஒரு சிற்றூர். ஒரு மருத்துவமனை, ஒரு பள்ளி, ஒரு சந்தை. பேருந்து நிறுத்தம் ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும். எங்கே?

பலகை முன்னால் போய் நின்றேன். குரல் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. பேசினால் ரத்து என்று உடம்பு பயப்படுகிறது, கேமரா இல்லை என்று எனக்குத் தெரிந்து என்ன பயன்? மூன்று புள்ளி வைத்தேன். முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் மூச்சுவிடுவது கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் தூரத்தைப் பார்க்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மூன்றுக்கும் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். "நடுன்னா யாருக்கு நடு?" என்றார் தலைவர். கூட்டம் அதிகம் எங்கேயோ அந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று சந்தை அருகே கொண்டுபோனேன். சந்தை தினமும் உண்டா என்றார் தாடிக்காரர். அழித்தேன். பள்ளிப் பக்கம் போனேன், மருத்துவமனைக்காரர்கள் எவ்வளவு நடப்பார்கள் என்று நானே கேட்டு நானே மாட்டிக்கொண்டேன். முதலில் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. பலகை பூராவும் கிறுக்கல். வியர்வை கழுத்தில் இறங்கியது.

"எனக்குத் தெரியல" என்றேன்.

பரீட்சையில் இதுவரை அதைச் சொன்னதில்லை. அங்கே நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டே ஆகவேண்டும், தெரியவில்லை என்பதற்குப் பொத்தான் கிடையாது. சொன்னதும் முடிந்தது என்று சாக்பீஸைக் கீழே வைக்கப் போனேன். தாடிக்காரர் எழுந்து வந்தார். இன்னொரு சாக்பீஸை எடுத்து, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, இங்கே வைத்தால் என்ன என்றார். பிள்ளைகள் பெரிய சாலையைக் கடக்க வேண்டிவரும், விட மாட்டேன் என்றேன். அவர் அப்போது சந்தையை என்ன செய்வீர்கள் என்றார். இருவரும் மாற்றி மாற்றி அழித்தோம். நான் எப்போது குரலை உயர்த்தினேன் என்று தெரியவில்லை. நேரமாகிவிட்டது என்று தலைவர் சொன்னபோது நிறுத்தம் இன்னும் எங்கேயும் நிற்கவில்லை.

யாரும் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. முடிவைத் தெரிவிப்போம் என்றார்கள்.

போச்சு. இனி கிடைக்காது. ஆனால் ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன்: நடுவில் கொஞ்ச நேரம் நான் சீட்டைப் பற்றியே நினைக்கவில்லை.

ஏப்ரல் 26

அந்த நிறுத்தத்தைப் பள்ளியின் பின்வாசலில் வைத்திருக்கலாமோ? இல்லை, அப்போதும் சந்தை தூரம்தான்.

ஏப்ரல் 29

மேலாளரிடம் கட்டுப்பாட்டு அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அங்க கிடைச்சிடுச்சா?"

"இல்ல சார். கிடைக்காது போல."

"அப்புறம்?"

அடுத்த வருடம் மறுபடி போடுவேன் என்றேன். அதற்கடுத்த வருடமும் போடுவேன் என்றேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு அடுத்த ஆளின் பேரை எழுதிக்கொண்டார். என் கண் முன்னாலேயே எழுதினார்.

ஏப்ரல் 30

வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டேன். நேற்றுச் சொல்லவும் இல்லை, இன்று மாலைதான் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை?" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்ன செய்தேன் நான்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்ததையேதான் வீட்டிலும் செய்திருக்கிறேன். மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துவிட்டு, விடையை மட்டும் நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன். எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்தார், எனக்காக ஸ்டூல் போட்டு உட்கார்ந்த மனுஷன்.

மே 2

அவரை உட்கார வைத்துப் பேசினேன். ஒழுங்கில்லாமல்தான் பேசினேன். வேண்டாம் என்றதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை என்பதையும் சொன்னேன். பலகை முன்னால் தெரியாமல் நின்றது எனக்குப் பிடித்திருந்தது, அதைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள் என்று பயமாக இருந்தது, சீட்டு கிடைக்காவிட்டால் இந்த வீட்டில் எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பேன் என்று தினமும் பயமாக இருக்கிறது. எல்லாம் சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். சமாதானம் என்று சொல்ல முடியாது. ஆனால் சேர்ந்து சாப்பிட்டோம்.

மே 7

காத்திருப்போர் வரிசையில் மூன்றாவது.

அதாவது, தேர்வானவர்களில் மூன்று பேர் வேண்டாம் என்று போக வேண்டும். இந்தச் சீட்டை யார் வேண்டாம் என்பார்கள்? அண்ணன் தொலைபேசியில், "பரவாயில்ல, வரிசையிலயாவது நிக்கிறியே" என்றார். கிண்டலா ஆறுதலா என்று இந்தத் தடவை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மே 12

கட்டுப்பாட்டு அறையின் புதுத் தலைமை இன்று பொறுப்பேற்றார். இனிப்பு கொடுத்தார். எடுத்துக்கொண்டேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், வெகுநேரம் சாப்பிடவில்லை.

மே 21

இரண்டாவது.

ஜூன் 10

இரண்டாவதேதான். கைப்பேசி அடித்தால் மகள் என் முகத்தைப் பார்க்கிறாள். இன்று அடித்தது ஓட்டுநர், நாளைக்கு வர முடியாதாம். எதற்கென்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை, சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 28

முதலாவது. இது இன்னும் கொடுமை. யாரோ முகம் தெரியாத ஒருவர் தூங்கி எழுந்து, மனசு மாறி, வேறு ஊருக்குப் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலை வைத்துக்கொண்டு எப்படி நல்லவளாக இருப்பது?

ஜூலை 9

ஒன்றும் இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 26

காலை வண்டிகளைக் கிளப்பிவிட்டு, பட்டியலை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் வகுப்பில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. ஆகஸ்டில் யாரோ ஒருவர் விலகிச் சீட்டு கிடைத்த பிறகு, இந்த அரைநேர வேலைக்கு மேலாளரை ஒப்புக்கொள்ள வைத்ததுதான் பெரிய பரீட்சை.

முதல் கட்டுரையைத் தாடிக்காரர் இன்று திருப்பிக் கொடுத்தார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

பக்கத்துப் பெண்ணுக்கு எழுபத்தொன்பது. அவள் தன்னுடையதைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டாள். நான் என்னுடையதை அங்கேயே பிரித்து வைத்துக்கொண்டேன். எல்லாப் பக்கத்தின் ஓரத்திலும் பென்சில். 'இது எங்கிருந்து வந்தது?' 'இந்தப் பத்தியை ஏன் இவ்வளவு அவசரமாக முடித்தீர்கள்?' ஓரிடத்தில், 'இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, வந்து சண்டை போடுங்கள்.' கடைசிக்கு முந்தைய பக்கத்தில் வட்டமாக ஒரு தேநீர்க் கறை.

மாலையில் வீட்டில் அவரிடம் கொடுத்தேன். மார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐம்பத்தெட்டுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றார்.

"முழுசா படிச்சிருக்காருங்க" என்றேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கறை வந்ததும் நிறுத்தி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். டீ குடிச்சுக்கிட்டே படிச்சிருக்கார் என்றார். ஆமாம் என்றேன். அழுகை வந்துவிட்டது.